பச்சை ஒட்டுப் போட்ட பாராசூட்

கோவளத்தில் சைனம்புவிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதை அவள் மீன்காரியிடம் கேட்டாள், பால்காரரிடம் கேட்டாள், பள்ளிவாசல் மோதினாரின் பெண்டாட்டியிடமும் கேட்டாள். யாரிடம் கேட்டாலும் நாத்தனார் சம்சாத் பேகத்தின் காதில் விழுகிற மாதிரிதான் கேட்டாள்.

"நீயே சொல்லு. வூட்ட வுட்டு ஓடியாறவ இன்னாத்த எடுத்துக்கினு வருவா? நகைய எடுப்பா. பட்டுப்பொடவய எடுப்பா. இவ இன்னா எடுத்துக்கினு வந்தா தெரியுமா? துணி! ஒரு மூட்ட வெள்ளத் துணி!"

கேட்டவர்கள் சம்சாத்தைப் பார்ப்பார்கள். சம்சாத் மீனைப் பார்ப்பாள். பதில் தெரிந்தால்தானே சொல்வதற்கு? ஏன் அந்தத் துணியை எடுத்தோம் என்று அவளுக்கே தெரியாது. அண்ணன் வீட்டில் தங்கி, அண்ணி கையால் சோறு வாங்கிச் சாப்பிடுகிறவள் எதிர்த்துப் பேசவும் முடியாது.

விஷயம் இதுதான். ஜப்பான்காரன் சண்டை முடிந்து எல்லாம் அடங்கிவிட்டது என்று நம்பி, சம்சாத்தின் வீட்டுக்காரன் மைதீன் பெண்டாட்டியையும் மகள் ஷாஜாதியையும் கூட்டிக்கொண்டு பர்மாவுக்குப் போய், ஷான் மலைப்பக்கம் ஒரு சந்தை ஊரில் மளிகைக்கடை போட்டான். ஒன்றும் அடங்கியிருக்கவில்லை. சர்க்கார் ஒரு பக்கம், கரேன்காரர்கள் ஒரு பக்கம், கம்யூனிஸ்டுகள் அவர்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு ரெண்டு பக்கம். போதாக்குறைக்கு, சீனாவில் தோற்றுப்போன ஒரு பட்டாளம் மலையேறி வந்து, ஊருக்கு வெளியே கூடாரம் அடித்துக்கொண்டு, மைதீன் கடையில் கடனுக்குச் சர்க்கரை கேட்டது.

அந்தப் பட்டாளத்துக்கு வெளிநாட்டு உதவி ஆகாயத்திலிருந்து வந்தது. அனுப்புவது அமெரிக்கா என்று ஊரே சொன்னது. அமெரிக்கா மட்டும் சொல்லவில்லை. ஒரு நாள் பகலில் சம்சாத் சாதம் வடித்துக்கொண்டிருந்தபோது அந்த உதவியில் ஒரு பெட்டி வழிதவறி அவள் வீட்டுக் கூரையைப் பிளந்துகொண்டு சமையல்கட்டில் வந்து உட்கார்ந்தது. அதன் பின்னாலேயே வெள்ளையாக ஒரு பெரிய பாராசூட் மிச்ச வீட்டையும் போர்த்திக்கொண்டு படுத்தது. குண்டு விழுந்து வீடு போனால் சொல்லிக்கொள்ளவாவது ஒரு கௌரவம் உண்டு. பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே பூட்ஸ்கள். அத்தனையும் இடது கால் பூட்ஸ். வலது கால் பூட்ஸ்கள் வேறு யார் தலையில் விழுந்தனவோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

முதலில் சீனப் பட்டாளம் வந்து, "வலது காலை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?" என்று துப்பாக்கியை நீட்டியது. அவர்கள் போனதும் சர்க்கார் பட்டாளம் வந்து, "உனக்கு எதற்கு இத்தனை பூட்ஸ் அனுப்பினான்?" என்று துப்பாக்கியை நீட்டியது. மைதீன் இரண்டு பேருக்கும் உண்மையையே சொன்னான். அவன் சுபாவம் அப்படி. சாயங்காலத்துக்குள் கடை எரிந்தது, ஊர் ஓடியது, இவர்களும் ஓடினார்கள். நகை அரிசிப் பானைக்குள் பத்திரமாக இருந்தது, இன்றைக்கும் பத்திரமாக இருக்கக்கூடும். சம்சாத்தின் கையில் வந்தது பாராசூட்.

அந்தத் துணிக்குக் கீழேதான் வழியெல்லாம் படுத்தார்கள். ரங்கூன் திடலில் கப்பலுக்குக் காத்துக் கிடந்தபோதும் அதுதான் வீடு. துணிக்கு நடு உச்சியில் வட்டமாக ஒரு ஓட்டை இருந்தது. மழை அதன் வழியாக நேராக ஷாஜாதியின் தலையில் ஊற்றியது. அமெரிக்காக்காரன் தையலில் இவ்வளவு பெரிய ஓட்டையா என்று திட்டிக்கொண்டே, சம்சாத் தன் பச்சைக் கைலி ஒன்றைக் கிழித்து அந்த ஓட்டைக்கு அழுத்தமாக ஒட்டுப் போட்டாள். அதற்குப் பிறகு ஒரு சொட்டு இறங்கவில்லை. மைதீன் பங்குக்கு அவன் எடுத்து வந்தது ஒரு ஜோடி பூட்ஸ், இரண்டும் இடது கால். "தோல் நல்ல தோலு. சொம்மா வுட்டுட்டு வர மனசு வர்ல" என்றான். அதைப் போட்டுக்கொண்டு அவன் நேராக நடந்து யாரும் பார்த்ததில்லை. கோவளம் கடைத்தெருவில் பள்ளிவாசலுக்குக் கிளம்பினான் என்றால் எப்படியும் கொஞ்சம் கடற்கரைப் பக்கம் இழுத்துக்கொண்டுதான் போய்ச் சேருவான்.

இப்படி அண்ணன் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஓடியது. ஐம்பத்து நாலாம் வருஷக் கோடையில் ஷாஜாதிக்குச் செங்கல்பட்டில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை ரஹ்மத்துல்லா தங்கமான பையன். அவனுடைய அத்தா பஷீருதீனுக்கு அங்கே பெரிய சைக்கிள் கடை. ஆளும் பெரிய ஆள்தான், எந்தச் சைக்கிளும் அவரைத் தாங்காது.

சைனம்பு கல்யாண வேலை அத்தனையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். அதில் அவளைக் குறை சொல்ல முடியாது. பாத்திரம் அவளுடையது, அரிசி அவளுடையது, பெண்ணுக்குப் போடுகிற வளையல்கூட அவளுடையது. செய்கிற ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்லிக் காட்டினாள், அவ்வளவுதான். வாசல் மணலில் கீற்றுப் பந்தல் போட ஆளை அனுப்புவதாக அவள் சொன்ன அன்றைக்குத்தான் சம்சாத் முதன்முறையாக வாயைத் திறந்தாள்.

"பந்தல் வேணாம் அண்ணி. எங்கிட்ட கீது."

"உங்கிட்ட இன்னா கீது?"

"பாராசூட்டு."

சைனம்பு சிரித்த சிரிப்பில் முற்றத்துக் கோழிகள் சிதறின. "அல்லாவே! பந்தலுக்கு ஆவற துணியா அது? சம்பந்தி வூட்டுக்காரங்க இன்னா நெனப்பாங்க?"

"இன்னா வேணா நெனச்சிக்கட்டும். எல்லாம் உங்களுதுதான் அண்ணி. நான் இல்லன்னு சொல்லல. ஆனா என் மவ நிக்காஹ் என் கூரைக்குக் கீழதான் நடக்கணும். எனக்குன்னு இருக்கற கூரை அது ஒண்ணுதான்."

அண்ணன் கருவாட்டு வியாபாரி, பேச்சே வராத மனுஷன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கட்டிக்கட்டுமே" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

பந்தலை மைதீன் தானே கட்டினான். பக்கத்து வீட்டுத் திருவேங்கடம் கட்டுமரக்காரர். அவர் மூங்கில்களைக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மைதீன் மலை ஊர்க்காரனாகவே மாறிப்போயிருந்தான். வெயில் வரும் மேற்குப் பக்கத்தைத் தரை வரைக்கும் இழுத்து மூடினான். வருகிறவர்களுக்கு ஜிலுஜிலுவென்று காற்று வரட்டும் என்று கடல் பக்கத்தை வாய் திறந்து விட்டான்.

"பாய், மத்தியானம் கடக்காத்து கெளம்பும். இது பந்தல் மாரி இல்ல, பாய்மரம் மாரி கீது. அந்த நடு ஒட்டப் பிரிச்சி வுட்டீன்னா காத்து பூந்து வெளிய பூடும்" என்றார் திருவேங்கடம்.

"கூரையில ஓட்ட போடச் சொல்றியேப்பா! நிக்காஹ் காலைலயே முடிஞ்சிடும். மத்தியானம் சோறு துன்னுட்டு எல்லாரும் பூடுவாங்க."

சம்சாத்தும் அந்த ஒட்டைப் பிரிக்கச் சம்மதிக்கவில்லை. ரங்கூன் மழையில் நனைந்துகொண்டே போட்ட ஒட்டு அது. கயிறுகளைக் கட்ட முளை போதவில்லை. மிஞ்சிய ஒரு கயிற்றை மைதீன் யோசித்து யோசித்து, சம்பந்திக்காகப் போட்டிருந்த பிரம்பு நாற்காலியின் காலில் கட்டினான். பஷீருதீன் உட்கார்ந்தால் அதைவிடப் பலமான முளை கோவளத்தில் கிடையாது என்பது அவன் கணக்கு.

காலையில் வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டுப் பஸ்ஸுக்குத் திருப்போரூரில் டயர் வெடித்தது. அவர்கள் வந்து இறங்கும்போது பகல் தொழுகையே முடிந்துவிட்டது. பசியில் எல்லாருக்கும் முகம் சுருங்கியிருந்தது. பஷீருதீன் பிரம்பு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "இன்னா சம்பந்தி, பந்தலு ஒரு மாரி கீதே" என்றார். பிறகு மைதீனின் பூட்ஸைப் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார்.

சைனம்பு வீட்டுக்குப் பின்பக்கம் பிரியாணி அண்டாவைக் காவல் காத்துக்கொண்டு, அம்மியில் புதினாத் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். சம்சாத் பந்தலின் ஓரத்தில், திரைக்கு இந்தப் பக்கம் பெண்களோடு, ஷாஜாதியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் வெள்ளைத் துணி, நடுவில் பச்சை வட்டம். நம்ம கூரை, நம்ம கூரை என்று மனசு அடித்துக்கொண்டது. நிக்காஹ் நடத்தி வைக்க வந்த ஹஜரத் குத்பா ஓதி முடித்தார். சாட்சிகளைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்து, மைதீனின் மகள் ஷாஜாதியை இன்ன தொகை மஹருக்கு மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டார்.

ரஹ்மத்துல்லா வாயைத் திறந்தான். கடற்காற்றும் அப்போதுதான் வாயைத் திறந்தது.

பாராசூட் ஒரு முறை பெருமூச்சு விட்டது. வயிறு புடைத்தது. மூங்கில்கள் ஒவ்வொன்றாக மணலிலிருந்து பிடுங்கிக்கொண்டு கிளம்பின. கடைசி முளையான பஷீருதீன் நாற்காலியோடு மணலில் சரசரவென்று ஓடினார். உட்கார்ந்தபடியே சாட்சிகளைக் கடந்தார், மாலைக்காரரைக் கடந்தார், செருப்புக் குவியலில் புரண்டு விழுந்தார். அவரை விட்ட நாற்காலி மட்டும் கயிற்றில் ஆடிக்கொண்டே மேலே ஏறியது.

"ஐயோ!" என்று கூட்டம் முழுவதும் கத்தியது. நிக்காஹ் முடிந்ததும் எல்லாரும் சத்தம் போடுவார்கள், அப்போது கொளுத்து என்று வெடிக்காரருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அவர் கடமை தவறாதவர். சரவெடிக்கு நெருப்பு வைத்தார்.

சம்சாத் யோசிக்கவில்லை. "என் கூரை!" என்று எழுந்து ஓடினாள். அவளுக்கும் முன்னால் ஷாஜாதி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பறந்தாள். மலையிறங்கி ஓடிப் பழகிய கால்களாயிற்றே. ரஹ்மத்துல்லா தான் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணை முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான், அதுவும் முதுகைத்தான். பதில் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று அவனும் பின்னால் ஓடினான். பதில் வாங்காமல் விட முடியாதே என்று ஹஜரத் மாப்பிள்ளையின் பின்னால் ஓடினார். கடைத்தெரு எட்டிப் பார்த்தது. ஆகாயத்தில் பாராசூட், காதில் படபட சத்தம், ஹஜரத்தே தலைப்பாகை அவிழ ஓடுகிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

"சண்ட வந்திச்சி! பாராசூட்டுல ஆளு எறங்குறான்!"

அந்தக் கரைக்காரர்களுக்கு ஓடச் சொல்லித் தர வேண்டியதில்லை. எம்டன் கப்பல் வந்து குண்டு போட்டபோது அப்பன்மார் ஓடியிருந்தார்கள், ஜப்பான்காரன் வருகிறான் என்றபோது இவர்களே ஓடியிருந்தார்கள். முஸ்லிம் தெரு, மாதாகோயில் தெரு, மீனவர் குப்பம் எல்லாம் ஒன்றாகக் கலந்து மேற்கே பார்த்துக் கிளம்பியது. ஒருவர் தலையணையை எடுத்தார். ஒருத்தி வேகிற குழம்பைச் சட்டியோடு எடுத்தாள். டீக்கடைக்காரர் கடையின் பலகையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினார். மைதீன் மட்டும் எல்லாருக்கும் முன்னால் கிளம்பி, பூட்ஸ் இழுத்த பக்கம் இழுபட்டு, கடலோரமாக வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தான்.

காற்று சற்று தளர்ந்தபோது பாராசூட் ஊருக்கு வெளியே சவுக்குத் தோப்பில் மெதுவாக இறங்கி, மரங்களின் தலையில் விரிந்து படுத்தது. மைதீன் கட்டியதைவிட அழகான பந்தலாகவே அமைந்துவிட்டது.

சம்சாத் மூச்சு வாங்கிக்கொண்டு அதற்குள் நுழைந்தாள். ஷாஜாதி ஏற்கனவே ஒரு மரத்தடியில் நின்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இன்னொரு மரத்தடியில் சைனம்பு உட்கார்ந்திருந்தாள். பின்கட்டில் இருந்தவளுக்குப் பந்தல் பறந்தது எப்படித் தெரியும்? வெடிச்சத்தம் கேட்டு நிமிர்ந்தாள், கூரைக்கு மேலே வெள்ளையாக ஒன்று, அதில் நான்கு காலை ஆட்டிக்கொண்டு ஏதோ ஒன்று. எழுந்து ஓடினாள். எந்தப் பக்கம் ஓடினாலும் அது அவள் தலைக்கு மேலேயே வந்தது. கடைசியில் அவள் மேலேயே விழுந்தது.

ஒரு காலில் செருப்பில்லை. முக்காடு தோளில் கிடந்தது. மடியில் அவள் எதையோ இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். சம்சாத் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். அம்மிக் குழவி. புதினா இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி, பயப்படாதீங்க. சண்ட இல்ல. பந்தலுதான் பறந்துச்சி."

சைனம்பு மேலே பார்த்தாள். பச்சை வட்டத்தைப் பார்த்தாள். பிறகு தன் மடியைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது போலிருக்கிறது. முகம் கோணியது.

"நகப்பொட்டிய அலமாரியிலயே வுட்டுட்டு வந்துட்டேன் சம்சாத்து" என்றாள், சின்னக் குழந்தை மாதிரி.

இரண்டு வருஷம். மீன்காரி, பால்காரர், மோதினார் பெண்டாட்டி. எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல சமயம் வராது. கேட்பதற்கு, ஓடி வந்த ஊரே வேறு தோப்பில் சுற்றி நின்றது. சம்சாத்தின் நாக்கு நுனி வரைக்கும் வந்தும் விட்டது. ஆனால் அந்தக் கைகள் குழவியைப் பிடித்திருந்த பிடி அவளுக்குத் தெரிந்த பிடி. ரங்கூன் திடலில் அவள் கைகளும் அப்படித்தான் இருந்தன. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நானும்தான் அண்ணி" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சைனம்பு அவள் தோளில் சாய்ந்து தேம்பினாள். குழவியை மட்டும் விடவில்லை.

அதற்குள் பஷீருதீன் வந்து சேர்ந்தார். சட்டை கிழிந்து, தாடியில் மணல், கழுத்தில் யாருடைய செருப்போ மாட்டியிருந்தது. "ரஹ்மத்துல்லா! கெளம்புடா!" என்று கத்தினார். "இந்தச் சம்பந்தமே வேணாம். வூடு வாசல் இல்லாத பர்மாக் கும்பலு. துணியக் கட்டி ஆள பறக்க வுடறானுங்க. பெரிய பேஜாரா பூட்ச்சி!"

சம்சாத் எழுந்திருக்கப் பார்த்தாள். அதற்குள் பக்கத்தில் இருந்தவள் எழுந்துவிட்டாள். குழவியை ஒரு கையில் ஓங்கிப் பிடித்துக்கொண்டு சைனம்பு போய்ப் பஷீருதீனுக்கு நேரே நின்றாள்.

"யார்ரா பர்மாக் கும்பலு? இவ எங்க வூட்டுப் பொண்ணு. வூடு வாசல் இல்லியா? தல மேல பாரு, அது இவளோட வூடு. எத்தினி ஊரு தாண்டி தூக்கினு வந்தா தெரியுமா? அதுக்குக் கீழ நின்னுக்கினு பேசற! உக்காருய்யா!"

பஷீருதீன் குழவியைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

"ஹஜரத்து, வுட்ட எடத்துலேந்து கேளுங்க" என்றாள் சைனம்பு.

ஹஜரத் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். "பொண்ணோட அத்தா எங்கம்மா?"

மைதீனைக் காணவில்லை. முட்டுக்காட்டுப் பக்கத்திலிருந்து திருவேங்கடம் அவனைத் தோளில் கைபோட்டு நேராகத் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டு வரும்வரை கல்யாணம் காத்திருந்தது. முழங்கால் வரை சேறு. வந்ததும் பந்தலை அண்ணாந்து பார்த்து, "நான் கட்னதவிட நல்லா கீதே, யாரு கட்னது?" என்றான். ரஹ்மத்துல்லா கேட்பதற்கு முன்னாலேயே, "ஏத்துக்கினேன், ஏத்துக்கினேன்" என்று அவசரமாகச் சொன்னான். மறுபடியும் காற்று வந்துவிடுமோ என்று அவனுக்குப் பயம். கேட்ட பிறகு சொன்னால்தான் செல்லும் என்று ஹஜரத் கறாராக இருந்து, கேட்டு, இன்னொரு தரம் சொல்ல வைத்தார். சம்சாத் மேலே பச்சை வட்டத்தைப் பார்த்தபடியே, கண்ணைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பிப் போனபோது வீடு திறந்தபடியே கிடந்தது. நகைப்பெட்டி வைத்த இடத்தில் இருந்தது. பிரியாணி மட்டும் அடிப்பிடித்திருந்தது. அந்நிய ராணுவம் இறங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டு மாமல்லபுரத்திலிருந்து சைக்கிளில் வந்த போலீஸ்காரர், இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, மைதீனின் பூட்ஸைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

அடுத்த வாரம் மோதினாரின் பெண்டாட்டி வந்திருந்தாள். சம்சாத் முற்றத்தில் பாராசூட்டில் சிக்கிய சவுக்கு ஊசி இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பழைய பழக்கத்தில் மோதினாரின் பெண்டாட்டி சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள்: "ஏன் சம்சாத்து, ஓடியாறப்போ நகைய எடுக்காம இந்தத் துணிய ஏன்..."

சம்சாத் இன்னொரு இலையைப் பொறுக்கிப் போட்டாள். அடுப்படியில் அம்மி அரைக்கிற சத்தம் நின்றது.

"நீ ஒரு தபா ஓடிப் பாரு" என்றது உள்ளேயிருந்து சைனம்புவின் குரல். "அப்பறமா வந்து கேளு."